நாய் தரையில் தேய்க்கிறதா? சுரப்பி இருக்கட்டும், மலத்தைப் பாருங்கள்

முப்பது வருடம் மாடு, ஆடு, நாய் என்று பார்த்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன் நான். நாயின் தீனி, வயிறு, ஆசனவாய்ச் சுரப்பி பற்றிக் கேளுங்கள். மாத்திரை பெயரும் அளவும் மட்டும் கேட்காதீர்கள். நாயைத் தொட்டுப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

தஞ்சாவூர்: பக், 4 வயது. உட்கார்ந்தபடியே பின்புறத்தைத் தரையில் தேய்த்து நகர்கிறது. அழுகிய மீன் நாற்றம். குளிப்பாட்டும் இடத்தில் மாதாமாதம் சுரப்பியைப் பிதுக்கி விடுகிறார்கள், ஆனாலும் திரும்ப வருகிறது. காலையில் பாலும் பிரட்டும், இரவு கோழித் தோலும் குருணையும் வேகவைத்தது.

பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது.

ஆசனவாயைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் 4 மணி, 8 மணி இருக்கும் இடங்களில் பக்கத்துக்கு ஒரு சின்னப் பை உண்டு. மலம் கெட்டியாக வெளியே வரும்போது அந்தப் பைகளை அழுத்தும். உள்ளே இருக்கும் நாற்றநீர் மெல்லிய குழாய் வழியாக வெளியேறிவிடும். மலம் கூழாகப் போனால் அழுத்த ஆள் இல்லை. நீர் தேங்கும், களிம்பு போலத் தடிக்கும், குழாய் அடைக்கும், அப்புறம் சீழ் பிடிக்கும். பக்கத்தில் சிவந்து வீங்கி உடைந்து ரத்தம் வருவதெல்லாம் இதன் கடைசிக் கட்டம்.

பெரும்பாலான நாய்களுக்கு வளர்ந்த பிறகு பால் ஒத்துக்கொள்ளாது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். கோழித் தோல் முழுக்கக் கொழுப்பு. இரண்டும் சேர்ந்தால் மலம் இளகாமல் என்ன செய்யும்? பாலை நிறுத்துங்கள். தோலுக்குப் பதில் எலும்பில்லாத கறி. ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். மலத்தை இறுக்கும் நார்ச்சத்துக்காக, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் வேளைக்கு ஒரு டீஸ்பூன் சேருங்கள். உப்பு, தாளிப்பு எதுவும் வேண்டாம்.

எப்படித் தெரியும் சரியாகிறது என்று? மலத்தை அள்ளி எடுத்தால் தரையில் கறை ஒட்டக் கூடாது. அவ்வளவுதான் பரிசோதனை.

அந்த மாதாந்தரப் பிதுக்கலை நிறுத்துங்கள். தானாகக் காலியாகிற சுரப்பியைச் சும்மா சும்மா அழுத்தினால் குழாய் புண்ணாகி வீங்கும், பிறகு நிஜமாகவே அடைக்கும். இப்போது நாற்றம் இருப்பதால் ஒரு முறை மருத்துவர் கையால் பார்த்துவிடட்டும். நாய் குண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். குண்டு நாய்க்கு இந்தத் தொல்லை அதிகம்.

சேலம்: லாப்ரடாருக்கு இசப்கோல் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அதுவும் நார்ச்சத்துதான். ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள், தண்ணீரில் நன்றாக ஊறவைத்து. உலர்ந்த உமியாகத் தூவவே தூவாதீர்கள், போகிற வழியில் அடைக்கும்.

நாகர்கோவில்: பொமரேனியன் தேய்க்கிறது, ஆனால் மலம் கெட்டிதான். வாலடியில் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது.

நாடாப்புழுவின் துண்டுகள் அவை. தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கும்போது உள்ளே போகிறது. புழு மருந்து மட்டும் கொடுத்தால் மறுபடி வரும், தெள்ளையும் ஒழிக்க வேண்டும்.

கோயம்புத்தூர்: நாய் ஓநாயின் வாரிசு. சோறு போட்டுத்தான் இந்த நோயெல்லாம். நான் பச்சைக் கறியும் பச்சை எலும்பும் மட்டுமே போடுகிறேன். மலம் கல் மாதிரி, சுரப்பித் தொல்லை இல்லை.

இதை எதிர்பார்த்தேன். 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாய், ஓநாய் மரபணுக்களை ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதனோடு அடுப்படியில் கிடந்த மிருகம், சோற்றுக்குப் பழகிவிட்டது. வெந்த அரிசி நாய்க்கு எளிதில் செரிக்கும். வெறும் சோறு மட்டும் போடுவதுதான் தப்பு.

எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் மலம் இறுகுவது உண்மை. அதே இறுக்கம் கொஞ்சம் கூடினால், சுண்ணாம்புக் கட்டியாகி வெளியே வராமல் நாய் முனகிக்கொண்டு கிடக்கும். எனிமா கொடுத்து எடுத்த கை இது.

சிவகாசி: எங்கள் தாத்தா வளர்த்த சிப்பிப்பாறை நாய்கள் கம்பங்கூழும் மோரும் குடித்து முயலைத் துரத்தின. ஓநாயாம், கறியாம்!

தாத்தாவை மதிக்கிறேன். அந்த நாய் துரத்திய முயலில் கொஞ்சம் அதன் வயிற்றுக்கும் போயிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கோயம்புத்தூர்: ஓநாய்க்குப் பரங்கிக்காய் யார் கொடுத்தார்கள்?

நல்ல கேள்வி, நிஜமாகவே. ஓநாய் இரையை முடியோடும் தோலோடும் தின்கிறது. செரிக்காத அந்த முடியும் தோலும் நார்ச்சத்து செய்கிற வேலையைச் செய்யும். உங்கள் நாய்க்குக் கடைக்காரர் உரித்துக் கழுவிக் கொடுக்கிறார். நம் வெயிலில் காலையிலிருந்து தொங்கும் கறியில் சால்மோனெல்லா கிருமி இருக்காது என்று அவர் எழுதிக் கொடுப்பாரா? நாய் தாங்கினாலும், அதைத் தன் முகத்தில் நக்கவிடும் குழந்தை தாங்குமா?

கோயம்புத்தூர்: அப்படியானால் எலும்பு நீக்கிய கறி மட்டும்?

அது இன்னும் மோசம். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. குட்டிக்கு மாதக்கணக்கில் போட்டால் கால் வளையும். வீட்டுச் சாப்பாடு மட்டுமே போடுகிற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு முறை கணக்குப் போட்டு வாங்குங்கள். சரி, ஓநாய் இத்துடன் காட்டுக்குப் போகட்டும்.

வேலூர்: 2 மாதக் குட்டி. நேற்றிலிருந்து வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு. தயிர்ச்சோறு கொடுக்கலாமா?

இதைப் படித்து முடிக்க வேண்டாம், கிளம்புங்கள். பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். குட்டி நீர் வற்றித்தான் சாகும், மணிக்கணக்கில் நிலைமை மாறும். மற்ற நாய்களோடு சேர்க்காதீர்கள்.

மதுரை: சிக்கன் குழம்பில் இருந்த எலும்பைக் கழுவிப் போட்டால் கெட்டியாகுமா?

வேகவைத்த எலும்பு கூடாது. ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கழுவினாலும் எலும்பு எலும்புதான்.

திருநெல்வேலி: மீந்த பிரியாணி?

வெங்காயம், பூண்டு நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேக வைத்தாலும் விஷம் போகாது. அதில் எலும்பு வேறு. மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

சென்னை: பீகிள் தேய்க்கிறது, என்ன காரணம்?

தஞ்சாவூர் பக்.

ஈரோடு: தேய்ப்பதோடு பாதத்தை நக்குகிறது, காது அடிக்கடி புண்ணாகிறது. மலம் சரியாகத்தான் இருக்கிறது.

காதும் பாதமும் பின்புறமும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் ஒவ்வாமை ஞாபகம் வரும். தூசியாக இருக்கலாம், உணவாகவும் இருக்கலாம். உணவில் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை அடிக்கடி மாட்டும் ஆட்கள். இதுவரை தின்னாத ஒரு புரதமும் ஒரு மாவுப் பொருளும் மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். எட்டு வாரம் என்றால் எட்டு வாரம். நடுவில் பாட்டி ஒரு பிஸ்கட் போட்டாலும் கணக்கு முதலிலிருந்து. நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசி இந்தப் பிஸ்கட்டில்தான் தோற்றன.

திருச்சி: மீந்த சாம்பார்சாதம்?

வெங்காயம் என்று இப்போதுதான் எழுதினேன்.

ஆவடி: 11 வயது காக்கர் ஸ்பேனியல். ஆசனவாய்க்கு ஒரு பக்கம் மட்டும் கட்டி, வலி இல்லை. சமீபமாகத் தண்ணீர் நிறையக் குடிக்கிறது. பரங்கிக்காய் எவ்வளவு?

பரங்கிக்காய் வேண்டாம். வயதான நாய், ஒரு பக்கக் கட்டி, தாகம் மூன்றும் சேர்ந்தால் சுரப்பியில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். இந்த வகைக் கட்டி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும், தாகம் அதனால்தான் வரும். நாளைக் காலை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தாகத்தைப் பற்றி நீங்களாகவே சொல்லுங்கள், கட்டியை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள்.

கரூர்: நாட்டு நாய், தேய்க்கிறது டாக்டர், என்ன கொடுக்க?

கடைசியாகப் புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள்? இன்று காலை மலம் எப்படி இருந்தது? இரண்டும் தெரிந்த பிறகு கேளுங்கள்.