நீர்மின் அணைக்கு நிலம் எடுத்தால் இழப்பீடு தருகிறார்களே, பிறகு பழங்குடிகள் ஏன் எதிர்க்கிறார்கள்?

புகை இல்லாத மின்சாரம், கையில் காசு, மாற்று இடம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். இழப்பீடு யாருக்கு, எதற்குக் கொடுத்தார்கள் என்று ஓர் அணையையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் பரிச்சயமான அணை காப்தாய்.

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனி வேலையாக வங்காளதேசத்தின் சிட்டகாங்கில் சில காலம் இருந்தேன். அங்கே லீவு விட்டால் பசங்க கிளம்பும் இடம் ரங்காமாட்டி. மலை, ஏரி, தொங்கு பாலம், மூங்கிலுக்குள் வைத்து வேகவைத்த கோழி. (வெளிநாட்டுக்காரர்கள் போக தனி அனுமதி வாங்க வேண்டும். அது பெரிய ரோதனை.) படகில் போகும்போது கூட வந்த, அந்த மலையின் சாக்மா பழங்குடியைச் சேர்ந்த நண்பர் தண்ணீரைக் காட்டி, "எங்க ராஜா அரண்மனை இதுக்கு அடியிலதான் இருக்கு" என்றார். பழைய ரங்காமாட்டி ஊரும் அதற்கு அடியில்தான் கிடக்கிறது.

அந்த ஏரி இயற்கையானதல்ல. கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலத்தில், அமெரிக்க நிதியுதவியோடு கர்ணபுலி ஆற்றின் குறுக்கே கட்டி 1962-ல் முடித்த காப்தாய் அணையின் நீர்த்தேக்கம். மூழ்கியது ஏறத்தாழ 655 சதுர கிலோமீட்டர். பரப்பைவிட முக்கியம், என்ன நிலம் போனது என்பது. சிட்டகாங் மலை மாவட்டத்தில் ஏர் பூட்டி உழக்கூடிய சமநிலம் ஆற்றுப் படுகையில்தான் இருந்தது. அதில் 54,000 ஏக்கர், அதாவது மாவட்டத்தின் நன்செய் போன்ற நல்ல நிலத்தில் சுமார் 40 சதவீதம், தண்ணீருக்குள் போனது. வெளியேறியவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில், பெரும்பாலும் சாக்மாக்கள்.

சுமார் 18,000 குடும்பங்களில் 10,000 குடும்பங்கள் உழவர்கள், நிலத்துக்குக் காகிதம் உண்டு. மீதி 8,000 குடும்பங்கள் ஜும் சாகுபடிக்காரர்கள். மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து, அரிவாள் முனையால் சின்னக் குழி போட்டு, நெல், பருத்தி, எள், பூசணி என்று எல்லா விதையையும் ஒன்றாகப் போடுவார்கள். ஓரிரு வருஷம் கழித்து அந்தச் சரிவைக் காடாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். பட்டா கிடையாது, ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். அதனால் சர்க்கார் கணக்கில் இவர்கள் எதையும் இழக்கவில்லை! உழவர்களுக்கும் போன நிலத்தில் பாதிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனென்றால் கொடுக்க அவ்வளவு சமநிலமே அந்த மலையில் மிச்சமில்லை. காசலாங் பக்கம் காட்டைத் திருத்திக் குடியமர்த்திய இடங்களிலும் பிறகு தண்ணீர் ஏறியது. ஒரே அணைக்கு இரண்டு தடவை வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

ஓடியவர்களில் பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். அந்தப் பெரும் வெளியேற்றத்தை 'பொர் பொரொங்' என்பார்கள் சாக்மாக்கள். 1964 முதல் அவர்களில் பலரை இந்திய அரசு இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தியது. அங்கே ஏற்கெனவே சிங்போ, காம்தி போன்ற பழங்குடிகளின் நிலம். அவர்கள் எதிர்ப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை, அவர்களைக் கேட்டா கொண்டுவந்து வைத்தார்கள்? சாக்மாக்களின் குடியுரிமை விவகாரம் 1996-லும் 2015-லும் உச்ச நீதிமன்றம் வரை போயும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்தச் செலவெல்லாம் எந்த அணையின் திட்ட அறிக்கையில் வரும்?

அங்கேயே தங்கியவர்கள் பாடும் சுலபமில்லை. குளிர்காலம் முடிந்து ஏரி வற்ற வற்ற வெளியே வரும் சேற்று நிலத்தில் நாற்று நடுவார்கள். சில மாதத்தில் அறுத்துவிட வேண்டும். மழை முந்தினாலோ, டர்பைனுக்காகத் தண்ணீரை இறக்காமல் வைத்திருந்தாலோ, பால் பிடித்த கதிர் அப்படியே முங்கிப்போகும். ஒரு காலத்தில் அது அவர்கள் சொந்த வயல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் பிடித்துப் பிழைக்கலாம் என்றால் இனப்பெருக்கக் காலத்தில் வருஷத்துக்கு மூன்று மாதம் தடை.

1970-களின் கடைசியிலிருந்து சமவெளிக்காரர்களை அரசே லட்சக்கணக்கில் அந்த மலையில் குடியேற்றியது. ஏற்கெனவே நிலம் சுருங்கிய இடம். மலைமக்களின் ஆயுதப் போராட்டம் வெடித்து 1997 அமைதி ஒப்பந்தம் வரை ரத்தம் சிந்தியதற்கு அணை மட்டும் காரணமில்லை. ஆனால் அணையை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. இவ்வளவுக்கும் காப்தாயின் திறன் 230 மெகாவாட். வங்காளதேசத்தின் மொத்த நிறுவுதிறனில் இன்று ஒரு சதவீதம்கூட இல்லை.

"அது அந்தக் காலம், இப்போது சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். பாதி சரி. நம் ஆனைமலைக்கு அந்தப் பக்கம், சாலக்குடி ஆற்றில் 163 மெகாவாட்டுக்கு அதிரப்பள்ளி திட்டம் போட்டார்கள். அங்கே வாழும் காடர் பழங்குடிகளில் சிலரின் குடும்பங்கள் பரம்பிக்குளம் போன்ற பழைய அணைகளால் ஏற்கெனவே இடம் மாறியவை. 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் வாழச்சால் பகுதியின் 9 ஊர்களுக்கு 2014-ல் சமூக வன உரிமை கிடைத்தது. சாக்மா ஜும்காரர்களிடம் இல்லாத காகிதம் அது. கிராம சபை சம்மதிக்காமல் காட்டைத் தொடக்கூடாது என்று காடர்கள் அதைக் காட்டித்தான் வாதாடினார்கள்.