“பாவம்மா அவன்” என்கிறாள் மகள்!

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. அவள் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான். “ஏம்மா அவன் காதைப் பொத்திக்கிறான்? கூப்பிட்டா ஏன் திரும்ப மாட்டேங்கிறான்?” என்று தினமும் கேட்கிறாள். ஆட்டிசம் பற்றிய படக்கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், “பாவம்மா அவன்” என்றாள். இதற்காகவா வாசித்தோம் என்று ஆகிவிட்டது. எங்கே தவறினேன்?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் மேல் தவறு இல்லை. அந்தப் புத்தகத்தை இன்னொரு முறை, எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை எத்தனை பக்கங்களில் சிரிக்கிறது? அதற்கென்று ஓர் ஆசை இருக்கிறதா? இல்லை, அண்ணனோ தோழியோ கதை சொல்ல, அது ஓரமாக உட்கார்ந்தே இருக்கிறதா? அப்படியானால் உங்கள் மகள் படத்தில் இருந்ததைச் சரியாகவே வாசித்திருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் அந்தப் பிள்ளை அபாரத் திறமை ஒன்றைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிற கதைகளும் உண்டு. எனக்கு அவற்றிலும் உடன்பாடில்லை. கணக்கில் புலியாக இல்லாத பிள்ளையோடு யார் விளையாடுவது?

தொலைந்த பொம்மையைத் தேடுகிறது, மழையில் நனைய ஆசைப்படுகிறது என்று, அந்தப் பிள்ளையே கதையை நடத்திப் போகிற புத்தகமாகப் பாருங்கள். ஆட்டிசம் உள்ளவர்களே எழுதியது கிடைத்தால் இன்னும் நல்லது. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கச் சிறுவர் தொடரின் பொம்மைப் பாத்திரமான ஜூலியா ஆட்டிசம் உள்ளவள்; 2015-இல் படக்கதையில் வந்து, 2017-இல் தொலைக்காட்சிக்கும் வந்தாள். அதில் பிக் பேர்ட் என்ற பறவைப் பாத்திரம் பேசும்போது அவள் பதில் சொல்ல மாட்டாள். தன்னைப் பிடிக்கவில்லை போல என்று அது நினைத்துக்கொள்ளும். உங்கள் மகளின் கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.

காதைப் பொத்துகிற பக்கம் வந்தால் உடனே விளக்கம் சொல்ல வேண்டாம். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, அறையில் என்னென்ன சத்தம் கேட்கிறது என்று எண்ணுங்கள். மின்விசிறி, சொட்டும் குழாய், தெருவில் போகிற வண்டி. “இதையெல்லாம் நாம கவனிக்கிறதே இல்ல பாரு. அவனுக்கு எல்லாமே ஒரே நேரத்துல, ரொம்பச் சத்தமா கேட்கலாம்” என்று சொல்லிப் பாருங்கள். பத்துப் பக்க விளக்கத்தைவிட அந்த ஒரு நிமிடம் அவளுக்குள் தங்கும்.

நோய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காய்ச்சல் மாதிரி ஒட்டிக்கொள்ளுமோ என்று குழந்தை பயந்துவிடும். ஆட்டிசத்துக்குத் தமிழில் சிலர் சொல்லும் ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லும் வேண்டாம். யார் மதியும் இறுகிப்போகவில்லை. ஆட்டிசம் என்றே சொல்லுங்கள்; பிறந்ததிலிருந்தே அவன் மூளை வேறு விதமாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. புத்தகத்தில் உள்ள பிள்ளையைக் காட்டி, “உன் வகுப்புப் பையனும் இப்படித்தான்” என்று சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை சத்தத்துக்கு ஒடுங்கும். இன்னொன்று சத்தம் வேண்டுமென்றே தட்டிக்கொண்டிருக்கும். ஒரே புத்தகத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று வாசிக்கச் சொல்வதும் இதனால்தான்.

மறுபடியும் “பாவம்” என்றால் கடிந்துகொள்ள வேண்டாம். அது அவளுடைய அன்புதான். “அவனுக்கு என்ன விளையாட்டு பிடிக்கும்?” என்று கேளுங்கள். தெரியாது என்பாள். “நாளைக்குப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு” என்று அனுப்பி வையுங்கள்.