கரைவலையும் கெட்ட மீனும்

கேள்வி: சாமி, எங்கள் அன்பியத்தில் (தெருவார் கூடி ஜெபிக்கும் சிறு குழுவில்) மத்தேயு 13-ஆம் அதிகாரத்து வலை உவமையை வாசித்தோம். வலை நிறைந்ததும் கரைக்கு இழுத்து, நல்லதைக் கூடையில் சேர்த்து, கெட்டதை எறிவார்கள் என்று வருகிறதே, அதுதான். தெருவில் குடிப்பழக்கம் உள்ள ஒருவரைக் கூட்டத்தில் சேர்க்கவே கூடாது என்று சிலர் பிடிவாதமாக நிற்கிறார்கள். "கெட்ட மீனை எறியணும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு" என்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். அப்போதுதான் கடலிலிருந்து ஏறிய மீன் எப்படிக் கெட்டுப்போயிருக்கும்? கிரேக்கத்தில் என்னதான் இருக்கிறது?
(வாசகி, பாம்பன்)

பதில்: மீன் கூடையைத் தினமும் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும், சகோதரி. குருமடத்தில் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே யாரும் இதைக் கேட்டதில்லை.

அங்கே இருக்கும் சொல் 'சப்ரா'. அழுகுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான். ஆனால் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில், கெட்ட கனி கொடுக்கும் மரத்துக்கும் இதே சொல்லைப் போடுகிறார். அழுகிய மரம் எங்கே காய்க்கும்? உதவாத மரம் என்றுதான் கொள்ள வேண்டும். இங்கேயும் உதவாத மீன். லேவியர் 11-ஆம் அதிகாரப்படி, துடுப்பும் செதிலும் இல்லாதது யூதருக்கு விலக்கு. கலிலேயக் கடலில் கெளுத்தி இனம் உண்டு. அதற்குச் செதில் கிடையாது. துள்ளத் துடிக்க ஏறினாலும் அதை எறியத்தான் வேண்டும். நாமோ கெளுத்தியைப் புளி கரைத்துக் குழம்பு வைக்கிறோம்!

அடுத்த வசனத்தில் பேச்சு மனிதருக்குத் திரும்பியதும் அந்தச் சொல் போய்விடுகிறது. 'பொனேரூஸ்', அதாவது தீயோர் என்று வருகிறது. எந்த மனிதரையும் இந்த உவமை 'சப்ரா' என்று சொல்லவில்லை.

இதைவிட முக்கியம் வலையின் பெயர். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் 'சகேனே' வருகிறது. அது நம் கரைவலைதான். மேலே மிதவை, கீழே பாரம், இரண்டு பக்கமும் நீளக் கயிறு. தனுஷ்கோடி மணலில் நின்று பாருங்கள். படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னாலேயே நடந்து இழுப்பார்கள். வலையின் மடி (மீன் சேரும் பை) கரையேறும்போது சூடையும் காரலும் நண்டும் வரும். கூடவே கடல்புல், சொறி (ஜெல்லிமீன்), வயிறு ஊதிய பேத்தை எல்லாம் கலந்து வரும். இழுக்கிற நேரத்தில் ஒருவரும் மீன் பொறுக்குவதில்லை. பொறுக்கப் போனால் கயிறு தளர்ந்துவிடும். பிரிக்கிற வேலை கரையில் உட்கார்ந்த பிறகுதான். மத்தேயுவும் 'உட்கார்ந்து' என்றே எழுதியிருக்கிறார்.

அந்த வலை எதைச் சேர்க்கிறது? நம் தமிழ் விவிலியத்தில் 'எல்லா வகையான மீன்களும்' என்று வாசிக்கிறோம். மூலத்தில் அந்த இடத்தில் மீன் என்ற சொல்லே இல்லை. 'எக் பந்தோஸ் கெனூஸ்' என்று மட்டும் இருக்கிறது: எல்லா இனத்திலிருந்தும். 'கெனோஸ்' மக்கள் இனத்துக்கும் வழங்குகிற சொல். கேட்டவர்கள் காதில் இரண்டுமே விழுந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். 'சேர்க்கும்' என்ற வினையிலிருந்துதான் யூதரின் தொழுகைக்கூடத்துக்கும் கிரேக்கப் பெயர் வந்தது.

பிரிப்பது யார்? 49-ஆம் வசனம் வானதூதர் என்கிறது. எப்போது? உலக முடிவில். அதே அதிகாரத்துக் களைகள் உவமையில், பயிருக்குள் முளைத்த களைகளைப் பிடுங்கத் துடித்த வேலையாட்களுக்கும், அறுவடை வரை இரண்டையும் வளரவிடச் சொல்லித்தான் பதில் கிடைத்தது. தீச்சூளையும் பற்கடிப்பும் இந்த உவமையில் உண்டு. அதை நான் மழுப்பவில்லை. அந்தத் தீர்ப்பு உங்கள் அன்பியத்தின் கையில் கொடுக்கப்படவில்லை. நாம் கயிறு பிடிக்கிற ஆட்கள்.

குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டால் அன்றைக்கு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். அது வேறு. மறுவாரம் அவருக்கும் பாயில் இடம் இருக்க வேண்டும். அவர் வீட்டுக்காரம்மா சம்மதித்தால் ஒரு கூட்டத்தை அவர் வீட்டிலேயே வையுங்கள். எதிர்க்கிறவர்களிடம் இந்தப் பக்கத்தைத் தாராளமாகக் காட்டலாம்.

கேள்வி: பேதுருவும் அந்திரேயாவும் போட்டதும் கரைவலைதானா?
(வாசகர், வேர்க்காடு, தங்கச்சிமடம்)

பதில்: இல்லை. மத்தேயு 4:18-இல் வருவது 'அம்பிப்ளேஸ்த்ரோன்'. ஓராள் நின்று விசிறுகிற வீச்சு வலை. மூன்று வசனம் தள்ளி, உங்கள் ஊர்ச் சந்தியாகப்பர் (யாக்கோபு) தம்பி யோவானோடும் அப்பா செபதேயுவோடும் படகில் உட்கார்ந்து சரிசெய்தது 'திக்த்யா'. எந்த வலைக்கும் பொதுவான பெயர் அது. அந்தப் படகில் கூலியாட்களும் இருந்ததாக மாற்கு 1:20 சொல்கிறது. அதனால் செபதேயு வீட்டில் ஆள் கூட்டி இழுக்கிற பெரிய வலையும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.