பேச்சு அரபியை அளப்பது எப்படி?

கேள்வி: இலக்கண அரபி பயின்ற மாணவர், வாய்மொழித் தேர்வில் எகிப்திய வழக்கைக் கலந்து பேசினால் மதிப்பெண்ணைக் குறைப்பது முறையா?

பதில்: முறையன்று. செய்தி வாசிப்புக்கும் மேடைக்கும் ஃபுஸ்ஹா எனும் இலக்கண அரபி, வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் ஆம்மிய்யா எனும் பேச்சு அரபி என இரு வழக்குகள் நிலவுவதால், இடமறிந்து இரண்டையும் கலப்பதே படித்த அரபியரின் இயல்பான பேச்சு. “என்ன வேண்டும்?” என்பதைக் கெய்ரோவில் ‘மாதா துரீது’ என்று கேட்டால் புரியும், ஆனால் நூலைப் பார்த்து வாசிப்பதுபோல் ஒலிக்கும், அங்கே ‘ஆயிஸ் ஏ’ என்பதே வழக்கம். அமெரிக்காவின் ஆக்ட்ஃபில் (ACTFL) எனும் அயல்மொழிக் கற்பித்தல் அமைப்பின் 15 முதல் 30 நிமிடப் பேச்சுத்திறன் நேர்காணலும், மனப்பாடத்தை விடுத்து, அன்றாட விஷயங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் கேள்விகளால் மாணவரின் எல்லையைக் கண்டறிகிறது. நடந்ததைக் காலமுறை பிறழாமல் விவரிக்கிறாரா, எதிர்பாராத சிக்கலைப் பேசித் தீர்க்கிறாரா என்பவற்றுக்கே மதிப்பெண் அளியுங்கள்.