கிருபை மன்னிக்கும் என்றால் பாவம் செய்துகொண்டே இருக்கலாமா?

"கிருபையால் எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும் என்றால், பிறகு எப்படி வாழ்ந்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிருபை என்பது நம் தகுதியைப் பாராமல் தேவன் காட்டும் தயவு. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் (கடிதத்தில்) அப்போஸ்தலன் பவுலே இந்தக் கேள்வியை எழுப்புகிறார். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்போமா? கூடாதே." (6:1, 2) ஏன் கூடாது? தண்டனை வரும் என்று அவர் அங்கே மிரட்டவில்லை. பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம் என்றுதான் கேட்கிறார். பாவத்துக்கு அடிமையாயிருந்த பழைய மனுஷன் ஞானஸ்நானத்தில் அடக்கம்பண்ணப்பட்டுவிட்டான் என்பது அவர் வாதம்.

எனக்கு இது விளங்க வெகுகாலம் ஆயிற்று. என் பாவம் கோபம். வீட்டில் கத்துவேன், மகனை அடித்தும் இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த வருஷம் கோபப்படமாட்டேன்" என்று பொருத்தனை செய்வேன். பொங்கலுக்குள் அது உடைந்துபோகும். உடைந்த பிறகு ஜெபிக்க வெட்கமாக இருக்கும். திருவிருந்து ஞாயிற்றில் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். ஜெபம் நின்ற அந்த வாரங்களில்தான் கோபம் இன்னும் கூடியது.

அப்படி ஒரு வருஷம் ரோமர் 6:14-ஐ வாசித்தேன். அதற்கு முன்பும் எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." நியாயப்பிரமாணம் என்றால் மோசே வழியாக வந்த கட்டளைகள். வசனத்தில் வரும் அந்தப் "படியால்" என்ற சொல்லில் நின்றுவிட்டேன். கட்டளையை இறுக்கிப் பிடித்தால் பாவம் அடங்கும் என்று நான் நினைத்திருந்தேன். பவுல் நேர்மாறாகச் சொல்கிறார்: கிருபைக்குள் இருப்பதுதான் பாவத்தின் பிடி தளரக் காரணம். "மேற்கொள்ளமாட்டாது" என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், எஜமான் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பாவம் இனி எஜமானாக இருந்து ஆளாது என்று பொருள். அடிமைகள் நிறைந்திருந்த ரோம் நகரத்துச் சபைக்கு இது வெறும் உவமையாகவா கேட்டிருக்கும்?

இதே அதிகாரத்தின் கடைசியில், பாவத்தின் சம்பளம் மரணம் என்கிறார். சம்பளம் என்பதற்கு அவர் எடுத்த சொல் போர்வீரர்களுக்குக் கொடுக்கும் கூலியைக் குறிக்கும். ஆனால் நித்தியஜீவனைச் சொல்லும்போது கூலி என்று சொல்லாமல் கிருபைவரம் என்கிறார். நானோ பொருத்தனையை நிறைவேற்றி அதைச் சம்பாதிக்கப் பார்த்தேன்.

யோவான் 8-இல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் இயேசு பேசிய வரிசையையும் பாருங்கள். "நானும் உனக்கு ஆக்கினைத்தீர்ப்பு அளிக்கிறதில்லை" என்பது முதலில் வருகிறது. "இனிப் பாவஞ்செய்யாதே" என்பது அதற்குப் பிறகுதான். நான் அதைத் தலைகீழாக்கி, திருந்தினால்தான் மன்னிப்பு என்று வைத்திருந்தேன்.

கோபம் எனக்கு இன்னும் வருகிறது. விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ரோமர் 7-ஆம் அதிகாரத்தில் வரும் பவுலின் புலம்பலை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. மாறியது ஒன்று: விழுந்தால் இப்போது ஒளிந்துகொள்வதில்லை. அன்றிரவே ஜெபிக்கிறேன். முன்பு மகனிடம் மன்னிப்புக் கேட்டால் அப்பா என்ற மதிப்புப் போய்விடும் என்று பயந்தேன். ஆண்டவரிடம் ஏற்கெனவே மன்னிப்புப் பெற்றவனுக்கு அந்தப் பயம் எதற்கு? முதல்முறை போய்க் கேட்டபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை, படுக்கையில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.