அம்மாவின் ஸ்டீராய்டு மாத்திரை: நிறுத்துவதா, தொடர்வதா?

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மா மன்னார்குடி பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார், வயது 56. நடவு, களையெடுப்பு என்று வயல்வேலைக்குப் போகிறவர். நான்கு ஆண்டுகளாக முடக்குவாதம். முதலில் மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். குமட்டல் ஒரு பக்கம், ‘அது கேன்சர் மாத்திரை’ என்று யாரோ சொன்னது ஒரு பக்கம், விட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகளாகப் பழைய சீட்டைக் காட்டி ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மி.கி. மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வலி அதிகமானால் கூடவே ஒரு வலி மாத்திரை. முகம் ஊதிவிட்டது. ராத்திரி நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். ஆனால் வெறும் வயிற்றில் சுகர் பார்த்தால் 104தான். போன மாதம் நான் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். ஐந்தாம் நாள் வாந்தி, தலைசுற்றல், படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. மறுபடி ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. ஸ்டீராய்டு விஷம் என்கிறார்கள். நிறுத்துவதா, தொடர்வதா?

பதில்: ஐந்தாம் நாள் அம்மா விழுந்தது பெரும்பாலும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால்தான். மறுபடி ஆரம்பித்தீர்களே, நல்லதாகப் போயிற்று. இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கலாம். இனி யார் என்ன சொன்னாலும் அந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

காரணம் இதுதான். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற ஸ்டீராய்டைத் தினமும் தானாகவே சுரக்கிறது. அதன் அளவு சுமார் 5 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குச் சமம், அல்லது கொஞ்சம் குறைவு. அம்மா வெளியிலிருந்து அதைப் போல இரண்டு மடங்கு போட்டுக்கொள்கிறார். போர் தண்ணீர் ஓடும் வரைக்கும் வாய்க்காலை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? தூர்ந்து, புல் மண்டிக் கிடக்கும். திடீரென்று மோட்டார் நின்றால், மேட்டூரில் தண்ணீர் இருந்தாலும் வயலுக்கு வந்து சேராது. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தாலே அட்ரினல் இப்படித் தூங்க ஆரம்பித்துவிடலாம். இரண்டு ஆண்டு எடுத்தவருக்கு அது விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மருந்தும் இல்லை, சொந்தச் சுரப்பும் இல்லை என்றால் ரத்த அழுத்தம் சரியும், வாந்தி வரும், ஆள் மயங்குவார்.

சரி, விஷமா என்ற கேள்விக்கு வருவோம். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்கவே திணறிய 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதன்முதலாக கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவர் நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தொடர்ந்து போடப்போட முகம் ஊதியது, மனநிலை மாறியது, நிறுத்தினால் வலி திரும்பியது. இதையெல்லாம் ஹென்ச்சின் குழுவே அப்போதே பார்த்துவிட்டது. ஆக, நன்மையும் கெடுதலும் முதல் நாளிலிருந்தே ஒரே மாத்திரைக்குள் இருக்கின்றன. எது மேலே வரும் என்பதை அளவும் காலமும்தான் தீர்மானிக்கின்றன.

அளவு என்று சும்மா சொல்லவில்லை. ஐரோப்பிய மூட்டுநோய் நிபுணர்கள் 2016இல் இதை அலசினார்கள். தினம் 5 மி.கி. அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலோருக்கு நீண்டகாலக் கெடுதல் குறைவு. 10க்கு மேலே போனால் கெடுதல் கூடுதல். நடுவில் இருப்பவர்களுக்கு ஆளைப் பொறுத்தது. உங்கள் அம்மா சரியாக வரப்பின் மேல் நிற்கிறார். 65 வயதைத் தாண்டிய முடக்குவாத நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள் தினம் 5 மி.கி. கொடுத்துப் பார்த்த ‘குளோரியா’ ஆய்வு 2022இல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு வலியும் மூட்டுச் சேதமும் குறைந்தன. ஆனால் கவனிக்க வேண்டிய பக்கவிளைவு ஒன்றாவது வந்தவர்கள் நூற்றுக்கு 60 பேர். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 49 பேர். கூடுதலாக வந்தவை பெரும்பாலும் கடுமையில்லாத தொற்றுகள். இதை விஷம் என்பதும் தப்பு, சத்து மாத்திரை மாதிரி விழுங்குவதும் தப்பு.

உங்கள் அம்மா விஷயத்தில் என்னை உறுத்துவது ஸ்டீராய்டு மட்டுமல்ல, அது தனியாக நிற்பது. முடக்குவாதத்தில் ஸ்டீராய்டு தீயை அமர்த்தும் ஆள். நெருப்புக்குக் காரணமான எதிர்ப்பாற்றல் கோளாறை நீண்ட காலத்துக்குக் கட்டிவைப்பது மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள். அவை வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும்; அதுவரைக்கும் தாங்கிப் பிடிக்கும் பாலம்தான் ஸ்டீராய்டு. அம்மா பாலத்தை வைத்துக்கொண்டு கரையை விட்டுவிட்டார். ‘கேன்சர் மாத்திரை’ என்பதில் பாதி உண்மை உண்டு. புற்றுநோய்க்கு அதே மருந்தை மிகப் பெரிய அளவில் தருவார்கள். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள், 7.5 முதல் 25 மி.கி. வரை. வாரம் ஒரு முறை என்பதைத் தினம் என்று எடுத்துவிட்டால் மட்டும் விபரீதம், உயிரே போகும். அதனால் ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள். குமட்டலுக்கும் வழி இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது, வேறு நாளில் ஃபோலிக் ஆசிட் சேர்ப்பது, முடியாவிட்டால் ஊசியாகப் போடுவது. அதுவும் ஒத்துவராவிட்டால் சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று வேறு மருந்துகள். தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் முதலில் காட்டுங்கள். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் வரை ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய சீட்டுக்கு மருந்து வாங்கும் பழக்கத்தில் இந்தச் சோதனைதான் முதலில் காணாமல் போகும்.

இப்போது அந்த 104. காலையில் எடுக்கும் ப்ரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றுவது மதியத்துக்கும் ராத்திரிக்கும் இடையில். விடிவதற்குள் இறங்கிவிடும். வெறும் வயிற்றில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மதியச் சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், கூடவே மூன்று மாதச் சராசரியும். ராத்திரி நான்கு தடவை எழுகிறார் என்பதை வைத்துச் சொல்கிறேன், 200க்கு மேல் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் கேட்டால் சுகரும் பிரஷரும் பார்ப்பார். எத்தனை மணிக்குப் பார்த்தது என்பதையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, டெல்டாவில் வயல்வேலை செய்பவர்களுக்கே உரிய ஒரு சங்கதி. வெளியூர் மருத்துவர்கள் சில சமயம் கேட்க மறந்துவிடுவார்கள். நாற்று பறிக்கும்போதும் நடவு நடும்போதும் வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்களின் தோல் வழியாக ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு உள்ளே போகலாம். குடலில் பல பத்தாண்டுகள் தொந்தரவே இல்லாமல் கிடக்கும். ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தியதும் அது பெருகி நுரையீரல் வரை போய், குடலின் கிருமிகளையும் ரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். அந்த நிலையில் காப்பாற்றுவது கஷ்டம். ஒரு முறை மலம் சோதித்துப் புழு இல்லை என்று வந்தால் மட்டும் நம்ப முடியாது. அந்தப் புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். மீலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் மண் கிருமியும் வயல் சேற்றில் இருக்கக்கூடியது. சர்க்கரை நோய், ஸ்டீராய்டு இரண்டும் சேர்ந்தவர்களைத் தேடிப் பிடிக்கும். காலில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் சேற்றில் இறங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ச் சோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேய்மானம் வேகமாக நடப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில்; அந்தக் காலம் அம்மாவுக்குத் தாண்டிவிட்டது. மாதவிடாய் நின்ற வயதும் சேர்கிறது. நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி தேவை. மூன்று வேளையும் சோறு என்ற நம் சாப்பாட்டில் இது வராது. கேழ்வரகு 100 கிராமில் 350 மி.கி. போல இருக்கும், ஒரு டம்ளர் பாலில் 240. மீதியை மாத்திரை பார்த்துக்கொள்ளும். முதுகில் திடீர் வலி வந்தாலோ, உயரம் குறைந்தது போலத் தெரிந்தாலோ எக்ஸ்ரே எடுங்கள். எலும்பை உறுதிப்படுத்தும் மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், உப்பைப் பிடித்து வைப்பது இந்த மருந்தின் குணம். ஸ்டீராய்டோடு வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றுப் புண்ணாகி ரத்தம் கசியலாம், அது வேண்டாம். கண்ணை ஆண்டுக்கு ஒரு முறை காட்டுங்கள், கண்புரையும் கண் அழுத்தமும் சத்தமில்லாமல் வரும். அப்புறம், ஊதின முகத்தைப் பார்த்து யாராவது நாட்டு மருந்துப் பொடி என்று எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். தின்ற வாரமே வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் ‘செட் மாத்திரை’ போலவே, அந்தப் பொடிகள் சிலவற்றிலும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. இரண்டு ஆண்டு ‘மூலிகை’ மட்டுமே சாப்பிட்ட ஒருவர் ஊதின முகத்தோடு வந்து என்னிடம் உட்கார்ந்த காலையை நான் மறக்கவில்லை.

குறைப்பது எப்படி, எப்போது? மருத்துவரிடம் காட்டி மெத்தோட்ரெக்சேட்டை உடனே ஆரம்பிக்க வேண்டும், அதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. அது வேலை செய்ய ஆரம்பித்த பிறகு 10இலிருந்து 7.5, சில வாரம் கழித்து 5. அதற்குக் கீழே இன்னும் மெதுவாக, மருத்துவர் பார்த்துப் பார்த்து. குறைப்பதை நடவு நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதுகு ஒடிய நடும்போது எது நோய் வலி, எது வேலை வலி என்று அம்மாவுக்கே தெரியாது. பயந்து மறுபடி மாத்திரையைக் கூட்டிவிடுவார். சம்பா அறுவடைக்கும் உளுந்து பிடுங்குவதற்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விடும் நாட்கள் வருமே, அது தோதான காலம். 5இல் நின்று நோயும் அடங்கியிருந்தால், முழுவதும் நிறுத்தியே தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். மாத்திரையை எப்போதும் காலையில், சாப்பிட்ட பிறகு. ராத்திரி எடுத்தால் தூக்கம் போகும்.

காய்ச்சல் வந்தால்? இப்போதுள்ள 10 மி.கி. சாதாரணக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் போதும், விட்டுவிடக் கூடாது என்பதுதான் முக்கியம். 5க்கு வந்த பிறகு, காய்ச்சல் நாட்களில் அதை 10 ஆக்க மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டாலோ, அறுவைச் சிகிச்சை என்றாலோ ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தேவைப்படும். வழியில் மயங்கி விழுந்தால் அதைச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். ஒரு சின்ன அட்டையில் ‘ப்ரெட்னிசோலோன் தினம் 10 மி.கி., இரண்டு ஆண்டுகளாக, திடீரென நிறுத்தக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி, உங்கள் போன் நம்பரோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவின் சுருக்குப்பையில் வைத்துவிடுங்கள். அளவு மாறும்போதெல்லாம் அட்டையையும் மாற்றுங்கள்.