Re: பைக் திருட்டு, 20 நாளாச்சு, சிஎஸ்ஆர் மட்டும்தான் குடுத்தாங்க

பிரதர், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், சிஎஸ்ஆர் வேற எஃப்ஐஆர் வேற. சிஎஸ்ஆர்ங்கறது நீங்க மனு குடுத்தீங்கன்றதுக்கு ரசீது, அவ்ளோதான், அதை வச்சு இன்சூரன்ஸ்ல கிளைம் கேட்டா நகராது. வாசல்ல நின்ன வண்டி திருடு போச்சுன்னா எஃப்ஐஆர் போட்டே ஆகணும், லலிதா குமாரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லிடுச்சு.

உங்க மனுல வண்டி மதிப்பு எழுதினீங்களா? போஸ்ட்ல அது இல்லையேன்னு கேக்கறேன். புது சட்டத்துல 5,000 ரூபாய்க்குக் கீழ திருட்டுன்னா போலீஸ் தானா விசாரிக்க முடியாத கேஸ் ஆயிடும், அதனால ஆர்சி காப்பி, இன்சூரன்ஸ்ல போட்டிருக்க மதிப்பு ரெண்டையும் சேர்த்து இன்னொரு மனு எழுதுங்க.

அதை ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டு அலையாதீங்க, எஸ்பிக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க (சிட்டின்னா கமிஷனர் ஆபீஸ்), சிஎஸ்ஆர் நம்பர், நீங்க போன தேதி எல்லாம் போட்டு, "பிஎன்எஸ்எஸ் 173(4)ன் கீழ்"னு மேலயே எழுதிடுங்க (பிஎன்எஸ்எஸ்ங்கறது பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்). போஸ்ட் ரசீதை பத்திரமா வைங்க. எங்க சித்தப்பா மோட்டார் திருடு போனப்போ ஒரு மாசம் "ஐயா பந்தோபஸ்துல இருக்காரு"னு இழுத்தாங்க, எஸ்பி ஆபீஸ்ல இருந்து கேட்டதும் அவங்களே போன் பண்ணி கூப்ட்டாங்க, டீ வேற.

அதுக்கும் அசையலன்னா அதே சட்டம் 175(3)ல மாஜிஸ்திரேட் கோர்ட், அபிடவிட்டோட போகணும், வக்கீல் வச்சுக்கோங்க. எஃப்ஐஆர் போட்டா காப்பி ஃப்ரீ, பேப்பர் செலவுன்னு யாராச்சும் கேட்டா குடுக்காதீங்க.